பதினோரு நாளில் ஒரு நாள்

மலேசியாவில் தீபாவளிக்கு லீவு உண்டா என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட உண்டு என்று சொல்லும். என்னைக் கேட்டால், "எந்தக் கம்பெனி, எந்த மாநிலம்?" என்று திருப்பிக் கேட்பேன். கிள்ளானில் இருக்கும் அரசாங்க ஊழியருக்கு அது உறுதி. தனியார் கம்பெனியில் வேலை செய்பவருக்கு, அதிலும் அடிக்கடி ஔட்ஸ்டேஷன் போய்க் கிடப்பவருக்கு, அது முதலாளியின் மனசைப் பொறுத்தது. சரவாக்கில் வேலை என்றால், மனசு இருந்தாலும் காலண்டரில் இடமில்லை.

நான் கிள்ளான்காரன். துறைமுகக் கிரேன்களைப் பழுது பார்ப்பது தொழில். கிரேன் எங்கே நிற்கிறதோ அங்கே நான் போக வேண்டும். போர்ட் கிள்ளானில் வேலை என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் வீட்டுச் சோறு. பினாங்கோ ஜொகூரோ என்றால் காரில் போய்விட்டு வந்துவிடலாம். சரவாக்கில் இருக்கும் பிந்துலு என்றால் கதை வேறு. கோலாலம்பூரில் இருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் இறங்கியதும் ஐ.சி.யை நீட்டிக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும். தீபகற்பத்துக்காரர் அங்கே வேலை செய்யத் தனி அனுமதியும் வேண்டும். ஒரே நாடுதான், குடிநுழைவு சரவாக்கின் கையில், பொது விடுமுறைப் பட்டியலும் அவர்கள் கையில்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் கிள்ளானில் கோமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினேன். விமான நிலைய ரயிலுக்கு நேரம் இருந்ததால், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தேன். துன் சம்பந்தன் சாலை முழுக்கக் கூடாரம், விளக்கு, புடவை, பலகாரம். ஒரு கடையில் முறுக்கு வாங்கினேன். "எத்தனை பாக்கெட் அண்ணே, ஓப்பன் ஹவுஸா?" என்று கேட்டார் கடைக்காரப் பெண். சைட்டுக்கு என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பிந்துலுவில் ஒரு கரைக் கிரேனுக்கு வயர் ரோப் மாற்றும் வேலை. பழைய ரோப்பின் முனையையும் புதிய ரோப்பின் முனையையும் ஒரு கம்பி வலை உறைக்குள் விட்டுப் பிணைப்போம். டிரம்மைச் சுற்றவிட்டால் பழையது உள்ளே போகப் போகப் புதியது அதன் பின்னாலேயே கப்பிகள் வழியாக ஏறி வரும். அந்த இணைப்பு ஒவ்வொரு கப்பியைத் தாண்டும்போதும் ஒருவர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்து வாக்கிடாக்கியில் "போகலாம்" சொல்ல வேண்டும். பாதி பழசும் பாதி புதுசுமாக ரோப் தொங்கும்போது கிரேனை விட்டுவிட்டு யாரும் விமானம் ஏற முடியாது. இந்த வேலைக்காகத் துறைமுகம் இரண்டு கப்பலுக்கு இடையில் நேரம் ஒதுக்கும். அந்த நேரத்தை மழை தின்றுவிட்டால் அடுத்த இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அக்டோபர் கடைசியில் அங்கே மத்தியானம் ஆனால் இடி. எச்சரிக்கைச் சைரன் ஊதியதும் மேலே இருப்பவர்கள் எல்லாரும் இறங்கிக் கொட்டகைக்குள் போய் உட்கார வேண்டும். வானம் வெளுத்தாலும் மறு சைரன் ஊதும்வரை ஏறக்கூடாது. புதன்கிழமை முடிய வேண்டிய வேலை இப்படித்தான் வியாழக்கிழமைக்கு நழுவியது.

மழையை என்ன சொல்ல முடியும்? கப்பலுக்கும் நல்ல நாள் பெரிய நாள் தெரியாது. எனக்கு உறைத்தது வேறு. வேலை தள்ளிப்போகிறது என்று பேசிய கூட்டத்தில், வியாழக்கிழமை ஒரு பண்டிகை நாள் என்பது யார் கணக்கிலும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அது கறுப்பு எழுத்தில் ஒரு சாதாரண நாள். மலேசியாவின் எல்லா மாநிலங்களிலும் கூட்டரசுப் பிரதேசங்களிலும் தீபாவளி பொது விடுமுறை, சரவாக்கைத் தவிர. பக்கத்துச் சபாவில்கூட உண்டு.

சரவாக்கில் இந்தியர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, அதனால் அது நியாயம்தான் என்று நம்மவர்களே சொல்வார்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அங்கே நம் ஆட்கள் நேற்று முளைத்தவர்கள் அல்ல. சார்ல்ஸ் புரூக் ராஜாவாக இருந்த காலத்தில் கூச்சிங் அருகே மாத்தாங் மலைத் தோட்டத்தில் தேயிலை நடவும் பறிக்கவும் தமிழர்களைத்தான் கொண்டுபோனார்கள். தோட்டம் மூடப்பட்டு மக்கள் கலைந்து போன பிறகும், அவர்கள் கும்பிட்ட மாரியம்மனுக்கு அந்த மலையில் இன்றும் கோயில் இருக்கிறது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். என் மனைவி அரசாங்க மருத்துவமனையில் மிஸ்ஸி. வார்டுக்குத் தீபாவளியும் கிடையாது, ராயாவும் கிடையாது. அங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. நோன்புப் பெருநாளுக்கு இந்தியரும் சீனரும் டூட்டி பார்ப்பார்கள். சீனப் பெருநாளுக்கு மலாய்க்காரரும் இந்தியரும். தீபாவளிக்கு மற்ற இரண்டு பேரும். எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. சிஸ்டர்கள் டூட்டி ரோஸ்டர் போடும்போது தாங்களாகவே பேசி முடித்துக்கொள்வது. இந்த நாட்டில் ஒற்றுமை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒரு தடவை வார்டு ரோஸ்டரைப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் ராயா முழுக்க டூட்டி பார்த்துத்தான் அவர் தீபாவளிக்கும் அதற்கு முதல் நாளுக்கும் லீவு வாங்கியிருந்தார். நான் போனில் விஷயத்தைச் சொன்னதும், "ராயா பூரா நின்னு வாங்குன லீவுங்க இது. நீங்க பாட்டுக்கு அங்க கிரேன்ல ஏறி நிக்கிறீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. போனை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "தோட்டத்துல இருந்தப்ப தீபாவளிக்கு எவன்டா வேலைக்குக் கூப்பிட்டான்?" என்று கேட்டார். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்து வெட்டு நின்றால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது, உடம்புக்கு முடியவில்லை என்றால் கிராணியிடம் போய் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் தீபாவளி மட்டும் அசையாது. முன்பணம் கொடுப்பார்கள், லயத்தில் ஆடு வெட்டிப் பங்கு போடுவார்கள், தோட்டமே நிற்கும். அம்மா இதைத் துரையின் நல்ல குணம் என்று நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. வெட்டுக்காரர் அத்தனை பேரும் தமிழர்; அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் மரத்தடிக்கு வர ஆள் இல்லை. அந்த லீவைத் தந்தது எண்ணிக்கை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் பூச்சோங்குக்கும் சிதறி, பல இனத்தவரோடு ஒருவராகவோ இருவராகவோ வேலை செய்யத் தொடங்கியபோது அந்த எண்ணிக்கை போய்விட்டது. எண்ணிக்கை போன இடத்தில் சட்டம் வந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60D பிரிவு, தீபகற்பத்தில் தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சம்பளத்தோடு 11 பொது விடுமுறை நாட்களைக் கொடுக்கிறது. அவற்றில் ஐந்து நாட்களை முதலாளி கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். இந்த ஐந்தில் எந்த மதத்தின் பண்டிகையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தீபாவளி மட்டுமல்ல, ராயாவும் இல்லை, சீனப் பெருநாளும் இல்லை. மிச்சம் ஆறு நாட்களை அரசாங்கம் அறிவித்த விடுமுறைகளில் இருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். ராயாவையும் சீனப் பெருநாளையும் விட்டுவிட எந்தக் கம்பெனிக்கும் தைரியம் வராது. அம்மா காலத்துத் தோட்டத்தில் நடந்ததுதான் அங்கே நடக்கும், ஆள் வர மாட்டார்கள். எண்ணிக்கை இல்லாதவருடைய நாள்தான் பட்டியலின் கடைசியில் நின்று ஊசலாடுகிறது.

இந்தச் சட்டம் பிறந்த 1955இலேயே நம் துன் சம்பந்தன்தான் தொழிலாளர் அமைச்சர். பின்னாளில் மனிதவள அமைச்சு எஸ். சுப்ரமணியம், எம். குலசேகரன், எம். சரவணன், வி. சிவகுமார் என்று நம்மவர்கள் கைக்கு எத்தனையோ முறை வந்தது. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் நல்ல காரியங்கள் உண்டு. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆனது, பிரசவ விடுப்பு 60 நாளில் இருந்து 98 நாளுக்கு உயர்ந்தது, குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் ஏழு நாள் கிடைத்தது. இதையெல்லாம் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த ஆறு நாளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது.

பிந்துலுவில் எனக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி என்னை ஏமாற்றவில்லை. சைட் சரவாக் காலண்டர்படி போகும், தீபாவளிக்குப் பதில் நாள் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் இருந்து மெசேஜ் வந்தது. எடுத்தேன். நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மனைவி காலை டூட்டியில், அம்மா கோயிலில். சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை மாற்றினேன். மத்தியானம் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டேன். கணக்குப்படி எனக்கு ஒரு நாளும் பாக்கியில்லை. பதில் நாள் கொடுத்தாகிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. சம்பளத்தை வேறொரு தேதியில் கொடுத்தாலும் அது சம்பளம்தான், லீவு அப்படியில்லை. வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் சும்மா இருந்தால்தான் அது லீவு. ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுத்தால் நாள்கள்தான் போகும், குடும்பத்துக்கு ஒரு நாளும் மிஞ்சாது.

இந்தக் கஷ்டம் தீபாவளியோடு முடிவதுமில்லை. 2022இல் பள்ளித் தவணை மார்ச்சுக்குத் தள்ளிப்போனதில் இருந்து, நவம்பர் டிசம்பரில் வந்துகொண்டிருந்த நீண்ட விடுமுறை இடம் மாறிவிட்டது. கல்யாணம், இந்தியப் பயணம், ஈப்போ பாட்டி வீடு எல்லாம் அந்த விடுமுறையை நம்பித்தான் இருந்தன. 2026இல்தான் கல்வியாண்டு மறுபடி ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. இடைப்பட்ட வருஷங்களில் ஒரே கூரைக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலண்டரில் வாழ்ந்தோம்.

அந்த வியாழக்கிழமை காலையில் என்னோடு கிரேன் மேலே நின்றவர் ஓர் இபான் இளைஞர். முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் அவருக்கு நாள் தெரிந்தது. எனக்காக வருத்தப்படவில்லை, சிரித்தார். இரண்டு வருஷம் போர்ட் கிள்ளானில் வேலை பார்த்தாராம். காவாய் பண்டிகைக்கு, அதாவது ஜூன் முதல் தேதி, நைட் ஷிப்ட். ஊரில் நீள வீட்டில் அத்தனை சொந்தமும் கூடியிருக்க, இவர் கண்டெய்னர் யார்டில். சிலாங்கூரில் அது சாதாரண நாள். கூட வேலை பார்த்த தமிழர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். பிறகு, "அபாங், கீழே போய் வீட்டுக்குப் பேசிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு வாக்கிடாக்கியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னதில் இருந்துதான் எனக்கு ஒரு யோசனை பிடிபட்டது. தீபாவளியைக் கட்டாய விடுமுறை ஆக்கு என்று நாம் காலம் காலமாகக் கேட்கிறோம். சரவாக்கிலும் கொடு என்று மனு போடுகிறோம். கேட்பது தப்பில்லை. கிடைத்தாலும் அது நமக்கு மட்டும் கிடைக்கும். அந்த இபான் பையன் மறுபடி போர்ட் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தால், அடுத்த காவாய்க்கும் யார்டில்தான் நிற்பான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் காவலுக்கு நிற்கும் நேப்பாளிக்குத் திகார் என்று ஒரு பண்டிகை உண்டு. அது நம் தீபாவளியோடு ஒட்டித்தான் வருகிறது. நம் வீட்டு ஓப்பன் ஹவுசுக்கு வருகிற கார்களுக்கு அவர் கேட் திறந்து விட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்பது இதுதான். முதலாளி தேர்ந்தெடுக்கும் அந்த ஆறு நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுங்கள். ஒரே ஒரு நாள். தமிழருக்கு அது தீபாவளியாக இருக்கலாம், பொங்கலாக இருக்கலாம், இபானுக்குக் காவாய், சீக்கியருக்கு வைசாகி, மாநிலத்தில் விடுமுறை இல்லாத ஒரு கிறிஸ்தவருக்குப் புனித வெள்ளி. எந்த மாநிலத்தில் அவரை வேலைக்கு அனுப்பினாலும் அந்த நாள் அவரோடு போக வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அதை மாற்றக்கூடாது. சம்மதித்து வேலை செய்தால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் பொது விடுமுறைக் கூலி கொடுக்க வேண்டும். இப்போது மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு அந்தக் கூடுதல் கூலியைச் சட்டம் உறுதி செய்வதில்லை. சரவாக்குக்கும் சபாவுக்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் இருப்பதால் அங்கேயும் இதை எழுத வேண்டும்.

ஏற்கெனவே லீவு அதிகம், உற்பத்தி கெடுகிறது என்று முதலாளிமார் தரப்பில் சொல்வார்கள். இதில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. பதினொன்று பதினொன்றாகவே இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாள் கேட்டால் ரோஸ்டர் போட முடியாது என்பார்கள். இருபத்துநாலு மணி நேரமும் நோயாளி வந்துகொண்டிருக்கும் வார்டில் ஒரு சிஸ்டர் பேனாவை வைத்துக்கொண்டு போடுகிற ரோஸ்டரை, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனியால் போட முடியாதா? வருடாந்திர லீவை எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்குச் சட்டம் தருவது எட்டே நாள். ஐந்து வருஷத்துக்கு மேல் போனால்தான் பதினாறு. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளியில் பெற்றோர் கூட்டம், ஊரில் ஒரு சாவு என்றால் எட்டு நாள் எந்த மூலைக்கு?

நம் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரில் விடுமுறை வேண்டும் என்று எத்தனை காலம் கேட்டோம். 2007 நவம்பரில் இந்தியர்களின் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் கூட்டம் தெருவுக்கு வந்தது. 2008 ஜனவரியில் அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி விடுமுறையை அறிவித்தார். மார்ச்சில் பொதுத் தேர்தல். அந்த வரிசை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதனால் விடுமுறை என்றாலே மேலே இருந்து பார்த்துக் கொடுக்கும் பரிசு என்று பழகிவிட்டோம். சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் சின்ன வழியையும் நாம் பயன்படுத்துவதில்லை. முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் அந்த ஆறு நாட்களில் எதையும் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 60D பிரிவே சொல்கிறது. முதலாளி மறுத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் எத்தனை பேர் கேட்டுப் பார்த்திருக்கிறோம்? 2023 திருத்தத்தின்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மாமாக் கடையில் தே தாரே குடித்துக்கொண்டு முதலாளியைத் திட்டுவதோடு நம் போராட்டம் முடிந்துவிடுகிறது. காகிதத்தில் ஒரு வரி எழுத யாருக்கும் கை வருவதில்லை.

மனிதவள அமைச்சு அந்த ஒரு நாள் உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டும், நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். அதுவரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த ஆண்டுக்கான அந்த ஆறு நாட்கள் எவை என்ற பட்டியலை, ஆண்டு பிறக்கும் முன்பே வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி முதலாளி ஒட்ட வேண்டும் என்பது சட்டம். டிசம்பரில் உங்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டைப் போய்ப் பாருங்கள். உங்கள் நாள் அதில் இல்லை என்றால், ஔட்ஸ்டேஷன் போனாலும் அது செல்லுமா என்பது தெளிவாக இல்லை என்றால், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலே ஒட்டவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.